பாவு கிடந்த தெருவில் ஜப்பான் வண்டி

பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் எல்லாரும் என்னிடம் கேட்கிறீர்கள். டயரையா, இன்ஜினையா, ஆர்.சி. புத்தகத்தையா? எனக்குத் தெரியாது. ஆரணியில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய் அடுத்தவர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுத்தே பிள்ளைகளைக் கரையேற்றினேன். இப்போது முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். இன்னமும் தெரியாது. தெரியும் என்று உடனே பதில் சொல்கிறவனிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அவன் ஏதோ ஒரு வண்டியை உங்கள் தலையில் கட்ட முடிவு செய்துவிட்டுத்தான் பேசுகிறான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைக் ‘கொழப்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன், பார்த்த இடத்தையே திரும்பப் பார்ப்பேன், வாங்க வந்தவன் பொறுமை இழந்து பீடி பற்றவைக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். கிண்டல்தான், ஆனாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. வண்டி வாங்குகிறவன் பெரும்பாலும் மூளையை வீட்டில் வைத்துவிட்டு ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறான். அவனுக்கும் சேர்த்து யாராவது ஒருவர் குழம்ப வேண்டாமா? அதற்குத்தான் நமக்குக் கமிஷன் கொடுக்கிறார்கள்.

என்னை ரொம்பவும் குழப்பிய வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அது ஜப்பானில் ஓடி, அங்கிருந்து கப்பலில் வந்த ஒரு குட்டி லாரி.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். பழனி என்று ஒரு டிரைவர். கண்ணமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவன் களம்பூரில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் பல வருஷமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு சின்ன வண்டி வாங்கப் போகிறேன், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னான். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி அவர் சிரித்தார்.

“போடா போ. மூணு மாசத்துல இதே வாசல்ல வந்து நிப்ப. வந்து நில்லு, பாவம்னு வேல போட்டுத் தரேன்.”

இதைப் பழனி என்னிடம் சொல்லவில்லை. அவன் மனைவி செல்வி சொன்னாள். வண்டி பார்த்துக் கொடுக்கச் சொல்லி இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவன் லோடு, மைலேஜ், லோன் என்று பேசிக்கொண்டே போனான். அவன் பேசி முடித்ததும் செல்வி சொன்னாள்:

“அண்ணா, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. எதுன்னாலும் பாத்துக் குடுங்க. இந்த மனுசன் திரும்பவும் அந்த மில்லுக்காரர் முன்னாடி போயி கை கட்டி நிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

அதற்கப்புறம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பணக்காரனுக்கு வண்டி பார்ப்பது சுலபம். தப்பாகப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். இவனுக்கு இந்த ஒரு வண்டிதான், இந்த ஒரு தடவைதான்.

லோடுக்குப் பஞ்சம் இல்லை. ஆரணியில் ஓர் அரிசி மண்டிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரைக்கும் அவருக்கு அரிசி அந்த மில் முதலாளியின் லாரியில்தான் வந்துகொண்டிருந்தது. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட கடுப்பு. தினமும் காலையில் களம்பூரில் ஏற்றி என் குடோனில் இறக்கு, மிச்சத்தை வேலூர் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடு, மாசம் முழுக்க உனக்கு வேலை என்று பழனியிடம் சொல்லியிருந்தார். அவருடைய குடோன் நெசவாளர் தெருவுக்குள் இருந்தது. பெரிய லாரி உள்ளே திரும்புவது கஷ்டம். சின்ன வண்டிதான் தோது.

எந்தச் சின்ன வண்டி என்பதில்தான் குழப்பம் ஆரம்பித்தது.

மாதவரம் பக்கத்தில் பழைய வண்டி விற்கிற ஒரு யார்டில் ஜப்பான் லாரிகள் நிற்பதாகப் பழனி கேள்விப்பட்டு வந்தான். நம் நாட்டில் ஜப்பான்காரனோடு கூட்டு சேர்ந்து செய்த வண்டிகள் அப்போது நிறைய ஓடிக்கொண்டிருந்தன. இவை அந்த ரகம் இல்லை, அங்கேயே பிறந்து அங்கேயே ஓடியவை. பழைய வண்டியை அப்படியெல்லாம் நினைத்தபடி வெளிநாட்டிலிருந்து இறக்கிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று கேட்டேன். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இங்கே கட்டட வேலைக்காகக் கொண்டு வந்ததாம். வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது, கட்ட வேண்டிய வரியைக் கட்டி விற்றுவிட்டுப் போனதாம். யார்டுக்காரர் ஒரு கட்டுக் காகிதம் காட்டினார். துறைமுகக் காகிதம், வரி கட்டிய ரசீது, பதிவுக் காகிதம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு அலைந்தேன். ஒருவர் சரி என்றார், ஒருவர் கூடாது என்றார், இன்னொருவர் சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொன்னார். கடைசியில் காகிதம் சரிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அது எப்படிச் சரியானது என்று எனக்கு விளங்கவே இல்லை.

யார்டில் மூன்று மாடல் நின்றன. ஒன்று வெள்ளை, ரொம்பக் குட்டி. சந்து பொந்தெல்லாம் நுழையும். டிரைவர் சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருந்தது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து வேலூர் போய் வந்தால் பழனி வெந்துவிடுவான். இன்னொன்று பின்னால் இரட்டை டயர் போட்ட நீளமான வண்டி. பாரம் அள்ளும், ஆனால் குடோன் தெருவில் திரும்பாது. மூன்றாவது நீலம். அதைப் பார்த்ததும் பழனியின் முகம் மாறிப்போனது. மூன்று பக்கமும் பலகை மடங்கி இறங்கியது. கதவை மூடினால் சத்தமே இல்லை. இன்ஜினை முடுக்கினால் தையல் மிஷின் மாதிரி ஓடியது.

ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சளாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. “இதுல இன்னா எழுதிகீது?” என்று யார்டுக்காரரைக் கேட்டேன். பெல்ட் போடச் சொல்லுது சார் என்றார். அடுத்த வாரம் போய் மறுபடியும் கேட்டேன். கம்பெனி கேரண்டி சார் என்றார். அந்த ஸ்டிக்கர் என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. வாங்குகிற பொருள் தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறது, நமக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் என்னதான் செய்வது?

இன்னொரு சங்கடம், சாமான். கண்ணாடி உடைந்தால், பம்ப் போனால், எங்கே போய் வாங்குவது? எல்லாம் கிடைக்கும் சார், ஜப்பான்லேர்ந்து வந்துகினே இருக்குது என்றார் யார்டுக்காரர். ஆரணியிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு கூட்டுத் தயாரிப்பு வண்டி விலைக்கு நின்றது. அது சோடா கம்பெனி வண்டி. அதற்கு வேலூரில் எல்லாச் சாமானும் கிடைக்கும். ஆனால் ஒரு பக்கக் கதவைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். பழனி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன். காலையில் நீலம் சரி என்று தோன்றும், சாயங்காலம் பழுப்பு சரி என்று தோன்றும்.

என்னிடம் ஒரே ஒரு வழக்கம் மட்டும் உண்டு. யார்டில் ஓட்டிப் பார்த்து வண்டி வாங்க விட மாட்டேன். தினமும் எந்த ரோட்டில் ஓடப் போகிறதோ அந்த ரோட்டில், எந்த லோடு ஏற்றப் போகிறார்களோ அந்த லோடோடு ஓட வேண்டும். யார்டுக்காரர் முனகினார். பிறகு ஒருநாள் விடியும்போதே நீல வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்துவிட்டார். நின்று டீ குடித்தோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. “அணைக்கலையா?” என்றேன். “ஜப்பான் இன்ஜின் சார். ஓடிகினே இருந்தாத்தான் அதுக்கு ஆரோக்கியம்” என்றார். டீசல் கொட்டிக் கிடக்கிற பெரிய மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

களம்பூரில் வேறொரு மில்லில் மண்டிக்காரருக்கு அரிசி ஏற்றினோம். ஏற்றும்போதும் இன்ஜின் ஓடியது. பழனி ஓட்டினான், நான் நடுவில், யார்டுக்காரர் ஓரத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. பாரம் இருப்பதே தெரியவில்லை. பழனி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தான். என் குழப்பமெல்லாம் கரைந்துபோய், இதையே முடித்துவிடலாம் என்று சொல்லக் கிட்டத்தட்ட வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் வண்டி நெசவாளர் தெருவுக்குள் திரும்பியது.

தெருவில் பாவு கிடந்தது.

வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். புடவை நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து காயவைப்பார்கள். அதுதான் பாவு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கை கொடுப்பார்கள். பாவு கிடக்கிற தெருவில் யார் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். மாப்பிள்ளை கார் வந்தாலும் நிற்கும். அன்றைக்குக் கிடந்தது சந்தன நிறப் பாவு. அந்தத் தெருவில் நெய்கிற ருக்மணியம்மா வீட்டுடையது. ஈரம் சொட்டச் சொட்ட இருந்தது.

பழனி எட்டவே வண்டியை நிறுத்தினான். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

“ஏம்பா ஆஃப் பண்ண?” என்றார் யார்டுக்காரர். குரலே மாறியிருந்தது.

“பாவு கெடக்குதுண்ணா.”

“அதுக்கு?”

“ஈரப் பாவு. பொகை பட்டா கரி ஒட்டிக்கும்.”

அவருக்கு இது ஒன்றுமே புரியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் வெயில் ஏறவில்லையே, இவருக்கு ஏன் வேர்க்கிறது என்று நான் குழம்பினேன்.

பாவு காய்ந்தது, சுருட்டி எடுத்துப் போனார்கள். ருக்மணியம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பழனி சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது. மறுபடியும் திருப்பினான், மறுபடியும் இருமியது. யார்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்து அவரே திருப்பிப் பார்த்தார். இன்ஜின் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வண்டி நின்ற இடத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் பாவை நீட்ட மூங்கிலோடு வந்து நின்றுவிட்டார்கள். “ஜல்தி எடுப்பா, வெயிலு ஏறிகினு கீது” என்றார் ஒருவர். கடைசியில் தெருவே சேர்ந்து தள்ளியது. ஒரு கையில் கஞ்சித் தூரிகையை வைத்துக்கொண்டு ருக்மணியம்மாவும் தள்ளினார். அரிசி மூட்டையோடு ஜப்பான் வண்டி குடோன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூட்டையெல்லாம் இறக்கி வெகு நேரம் ஆன பிறகு யார்டுக்காரர் போய்ச் சாவியைத் தொட்டார். தொட்டதும் கிளம்பியது. தையல் மிஷின் மாதிரியே ஓடியது. “பாத்தீங்களா சார்? ஏதோ கண்ணு பட்டுடுச்சி” என்று சிரித்தார். விலையையும் கணிசமாகக் குறைத்தார்.

தம்பிகளா, இங்கேதான் கவனிக்க வேண்டும். வண்டி ஓடவே இல்லை என்றால் முடிவு சொல்வது சுலபம். இது ஓடுகிறது. சூட்டில் அணைத்தால்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். சின்னக் கோளாறாகவும் இருக்கலாம், பம்ப்பே போயும் இருக்கலாம், பிரித்தால்தான் தெரியும் என்றார். பழனி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் அந்த நீல வண்டி ஏற்கெனவே அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

“இன்னாண்ணா சொல்றீங்க?”

“தெரியலப்பா.”

“தெரியலன்னா?”

“எனக்கே தெரியலன்னா நீ வாங்காத.”

அவனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “உங்கள மாதிரி கொழப்பிய கூட்டிகினு வந்ததே தப்பு. பேஜாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம். ஒரு சாமானை மாற்றினால் அது வருஷக்கணக்கில் ஓடியிருக்கலாம். ஆனால் ‘இருக்கலாம்’ என்பதை நம்பி அவன் தலையைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சில நாள் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். செல்விதான் அனுப்பியிருக்க வேண்டும். சோடா கம்பெனி வண்டியைப் பார்க்கப் போனோம். அதையும் லோடு ஏற்றி அதே தெருவுக்குக் கொண்டுபோனோம். தெருவில் இறங்கி நின்று, அணைத்து, கிளப்பி, அணைத்து, கிளப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த வண்டி முனகியது, குலுங்கியது, கதவு தடதடத்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. ருக்மணியம்மா வாசலுக்கு வந்து, “எத்தினி வாட்டிப்பா அதப் போட்டுப் படுத்துவ? வுடு, பாவம்” என்றார். அதையே வாங்கினான். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டான். சந்தோஷமாக வாங்கினான் என்று பொய் சொல்ல மாட்டேன்.

வேலை நடந்தது. மண்டிக்காரருக்குத் தினமும் அரிசி நேரத்துக்கு வந்தது. மூன்று மாசம் கடந்துபோனதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, செல்வியைத் தவிர.

அப்புறம் ஒருநாள் காலையில் வேறு ஒரு வேலையாக நான் மண்டிக்காரரோடு குடோன் வாசலில் நின்றிருந்தேன். பழனி முன்னாலேயே வந்து இறக்கிக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால், தெருவின் முனைப் பக்கம் ருக்மணியம்மா வீட்டுப் பாவு கிடந்தது. அப்போது எனக்குப் பழக்கமான ஒரு சத்தம் கேட்டது. தையல் மிஷின் சத்தம். திரும்பிப் பார்த்தால் நீல வண்டி பாவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. டிரைவர் பக்கத்தில் களம்பூர் மில் முதலாளி. யார்டுக்காரர் அதைக் கொண்டுபோய் அவரிடம் விற்றிருக்கிறார். எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

மண்டிக்காரர் என் காதருகில் சொன்னார்: “நேத்து போன் போட்டாரு. ஜப்பான் வண்டி வாங்கியிருக்கேன், பழனிக்குக் குடுக்கற வாடகையில பாதி குடு போதும், நாளைக்கே வந்து காட்டறேன்னாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“வாங்க பாக்கலாம்னேன். பாதி வாடகைன்னா யோசிக்கத் தோணுது இல்ல?”

பழனி கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தான். எல்லாம் அவன் காதிலும் விழுந்தது.

நீல வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ருக்மணியம்மா அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். டிரைவர் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தான். பழனி பாவு ஓரமாகவே நடந்து வண்டி அருகில் போய் நின்றான். தன் பழைய முதலாளிக்கு முன்னால்.

“மொதலாளி, இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஈரப் பாவு கெடக்குது.”

“எனக்கே நீ சொல்றியாடா?”

பழனி பாவைக் கையால் காட்டினான். கஞ்சி தடவிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. தெருவின் இரண்டு பக்கமும் அவரைப் பார்த்தது. முதலாளி டிரைவரைப் பார்த்து, “ஆஃப் பண்ணித் தொலை” என்றார்.

“மொதலாளி, ஆஃப் பண்ணா...” என்று டிரைவர் இழுத்தான்.

“பண்ணுடா.”

அணைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாவு காய்ந்தது, எடுத்தார்கள். டிரைவர் சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது. அடுத்த வீட்டுக்காரர்கள் மூங்கிலோடு வந்து நின்றார்கள். மறுபடியும் இருமியது. முதலாளி டிரைவரைத் திட்டினார், டிரைவர் வண்டியைத் திட்டினான். இந்த முறை தள்ள யாரும் வரவில்லை. மண்டிக்காரர் பதம் பார்க்கக் கையில் எடுத்திருந்த அரிசியைத் திரும்ப மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டு, “எம்மா நேரம் பாவ நிறுத்தி வெப்பாங்க? நமக்கு இது தோதுப்படாது” என்றார். அத்தோடு பாதி வாடகைப் பேச்சு முடிந்தது.

பழனி தன் பழுப்பு வண்டியில் ஏறினான். ஒரே திருப்பில் கிளப்பி, ரிவர்ஸிலேயே கொண்டுவந்து நீல வண்டியின் மூக்குக்கு முன்னால் நிறுத்தினான். சீட்டுக்குப் பின்னாலிருந்த தாம்புக் கயிற்றை எடுத்து இரண்டையும் கட்டினான். முதலாளி இறங்கவில்லை. நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்படியே குடோனைத் தாண்டி, எங்களைத் தாண்டி, தெரு முழுக்க அவரை இழுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விட்டுவிட்டு வந்தான். சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

நான் செய்தது கெட்டிக்காரத்தனமா, அதிர்ஷ்டமா என்று யாராவது கேட்டால் இப்போதும் குழம்பித்தான் போவேன். அந்த நீல வண்டியைப் பின்னால் வேறு ஒருத்தர் வாங்கி, பம்ப்பை மாற்றி, பாவு கிடக்காத ஊரில் ரொம்ப நாள் ஓட்டினார் என்று கேள்வி. நல்ல வண்டி, கெட்ட வண்டி என்று தனியாக ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஆள், இந்தத் தெரு, இந்த வண்டி. மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பழனியோடு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது, அதுவும் பாதியாக. செல்வி அவனை வாசலிலேயே மறித்தாள்.

“அந்தாளு முன்னாடி போயி நின்னியாமே?”

“நின்னேன்” என்றான் பழனி. “கயிறு கட்டறதுக்கு.”

செல்வி அவனையும் பார்த்தாள், வாசலில் நின்ற பழுப்பு வண்டியையும் பார்த்தாள். அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டு, டீ போடப் போனாள்.